உணவாகவா, கஷாயமாகவா, மாத்திரையாகவா? தாவர மருந்துகளில் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி

பச்சைத் தேயிலையில் ஈஜிசிஜி என்றொரு பொருள் இருக்கிறது. அந்த இலைக்குக் கிடைத்த நற்பெயருக்கும், பின்னாளில் அதன்மீது எழுந்த ஐயத்துக்கும் அதுவே பெரிதும் காரணம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தேநீராகக் குடிப்பவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 90 முதல் 300 மில்லிகிராம் வரை இப்பொருளைப் பெறுகிறார்கள். மிகுதியாகக் குடிப்பவர்களுக்கு அது 866 மில்லிகிராம் வரைகூடச் செல்கிறது. ஆயினும், வழக்கமான முறையில் வடித்த தேநீர் பொதுவாகப் பாதுகாப்பானது என்றே ஆணையம் கருதியது. அதே பொருளைச் சாரமாகப் பிரித்து, மாத்திரை வடிவில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொண்டவர்களிடமோ, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்வது ஆய்வுகளில் காணப்பட்டது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக வந்து சேர்ந்த பொருளைத் தாங்கிக்கொண்ட கல்லீரல், ஒரே விழுங்கில் வந்ததைத் தாங்கத் தடுமாறியது.

அன்றாட உடல்நலத்துக்காகத் தாவரங்களை நாடும் ஒருவர் பெரும்பாலும் எந்தத் தாவரம் நல்லது என்று கேட்கிறார். மஞ்சளா, இஞ்சியா, பூண்டா என்ற அந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு முன்னால், அதை எந்த வடிவில் எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்பதைத் தீர்மானிப்பது அவசியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் முன் உள்ள வழிகள் மூன்று: முழு உணவாக உண்பது, நீரில் ஊறவைத்தோ கொதிக்கவைத்தோ சாறு பிழிந்தோ குடிப்பது, சாரத்தையோ பொடியையோ மாத்திரையாக விழுங்குவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது உணவாக இருக்கட்டும். சில நாள்களில் தீரும் சிறு உபாதைகளுக்குக் கஷாயம் போதும். மாத்திரை என்பது பெயர் தெரிந்த ஒரு பிரச்சினைக்கு, அந்த வடிவம் பயன்தருமென்று சோதித்து அறியப்பட்டிருக்கும்போது, மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு எடுக்க வேண்டியது. இந்த முடிவுக்கு நான் வந்த வழியை இனி விரிவாகக் கூறுகிறேன்.

முழு உணவாக உண்பது

உணவின் மிகப் பெரிய பலம், எந்த விளம்பரத்திலும் முன்னால் நிற்காத நார்ச்சத்துதான். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறிகளும் பழங்களும் உண்ண வேண்டும் என்றும், உணவில் இயற்கையாக அமைந்த நார்ச்சத்து 25 கிராமுக்குக் குறையக் கூடாது என்றும் கூறுகிறது. இந்த இரண்டு அளவுகளை எட்டாத ஒருவர் மூலிகைச் சாரத்துக்குச் செலவு செய்வது, அடித்தளம் போடாமல் சுவருக்கு வண்ணம் தேடுவதற்கு ஒப்பானது.

நார்ச்சத்து செயல்படும் விதத்தை ஓட்ஸ் தெளிவாகக் காட்டுகிறது. அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார், குடலில் கூழ்போலாகிப் பித்த அமிலங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு வெளியேற்றுகிறது. இழந்த பித்த அமிலத்தை ஈடுசெய்யக் கல்லீரல் புதிதாக உற்பத்தி செய்தாக வேண்டும். அதற்கான மூலப்பொருள் கொலஸ்ட்ரால் என்பதால், இரத்தத்திலுள்ள கெட்ட கொலஸ்ட்ரால் எடுத்துக்கொள்ளப்பட்டு அதன் அளவு குறைகிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன், அதாவது சுமார் 75 கிராம் உலர்ந்த ஓட்ஸ், இதற்குப் போதும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997-இலேயே இந்த அளவின் அடிப்படையில், இதயநோய் அபாயத்தைக் குறைக்க உதவும் என்று உறைகளில் குறிப்பிட அனுமதித்தது. பயறுகள், பருப்புகள், ஆளிவிதை, தோலோடு உண்ணும் பழங்கள் ஆகியவற்றிலும் கரையும் நார் இருக்கிறது. ஓட்ஸ் பிடிக்காதவர்கள் அதைக் கட்டாயப்படுத்தி உண்ண வேண்டிய தேவையில்லை.

உணவில் பொருள்கள் தனித்து வருவதில்லை என்பது அடுத்த நன்மை. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உறிஞ்சப்படாத வகையைச் சேர்ந்தது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ உடன் இருந்தால், அவற்றின் வைட்டமின் சி அந்த இரும்பை உடல் ஏற்கக்கூடிய நிலையில் வைத்திருக்கிறது. உணவோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் அதன் துவர்ப்புப் பொருள்களான டானின்கள் அதே இரும்பைக் கட்டிவிடுகின்றன. ஒரு மணி நேர இடைவெளி விட்டால் இழப்பு குறையும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருள் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே எண்ணெயில் வதங்கும் உணவில் சேர்ப்பதற்கு ஒரு பொருத்தம் இருக்கிறது. பூண்டை நசுக்கியவுடனே சூடான பாத்திரத்தில் போட்டால், பூண்டின் முக்கியப் பொருளான அல்லிசினை உருவாக்கும் நொதி வேலையைத் தொடங்கும் முன்பே வெப்பத்தில் அழிந்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து பின்னர் சமைத்தால் ஓரளவாவது அது மிஞ்சும். இத்தகைய சின்னச் சின்னக் கைப்பக்குவங்களுக்குச் செலவு ஏதும் இல்லை.

உணவிலிருக்கும் ஒரு பொருளைத் தனியே பிரித்தால் என்ன ஆகக்கூடும் என்பதற்கு 1994-இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு அழுத்தமான சான்று. காரட் போன்ற காய்களை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்ட ஆராய்ச்சியாளர்கள், அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினே காரணமாக இருக்கலாம் என்று கருதி, புகைபிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அதை நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தார்கள். பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. காரட் தின்றவர்களைக் காத்தது எதுவாக இருந்தாலும், அதை அந்த மாத்திரைக்குள் அடைக்க முடியவில்லை. தாவரப் பொருள்களைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் நிதானப்படுத்திய ஆய்வு இதுதான்.

உணவாக இருப்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரேப்ஃப்ரூட் என்ற எலுமிச்சைக் குடும்பப் பழம், குடலில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை முடக்குவதால், சில கொலஸ்ட்ரால் மருந்துகளும் இரத்த அழுத்த மருந்துகளும் உடலில் அளவுக்கு மீறிச் சேர வழிசெய்கிறது. வார்ஃபரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை எடுப்பவர், கீரை உண்ணும் அளவைத் திடீரெனக் கூட்டினாலோ குறைத்தாலோ, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றிவிடும். அவர் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை, நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொண்டால் போதும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு நட்சத்திரப் பழம் நஞ்சாகி, ஓயாத விக்கலில் தொடங்கி வலிப்புவரை கொண்டுபோகக்கூடும்.

உணவு மெதுவாகவே பலன் தரும் என்பது அதன் குறை. வாரங்களும் மாதங்களும் பொறுத்திருக்க வேண்டும். இன்றிரவு இருமலை நிறுத்த அதனால் இயலாது.

கஷாயமும் தேநீரும் சாறும்

இன்றிரவு இருமலுக்கு வழி தேடுவோர்க்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வடிவம். இதன் பலனில் ஒரு பகுதி வெந்நீருக்கே உரியது: தொண்டையை நனைக்கிறது, சளியை இளக்குகிறது, காய்ச்சலின்போது இழந்த நீரை மீட்கிறது. அந்தப் பங்கைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதை முழுவதும் மூலிகையின் கணக்கில் எழுதவும் வேண்டாம்.

இஞ்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். கர்ப்பகாலக் குமட்டலுக்கு நடந்த பல சோதனைகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் உலர்ந்த இஞ்சிப் பொடியைப் பிரித்துக் கொடுத்து, குமட்டல் தணிவது காணப்பட்டிருக்கிறது. வாந்தியைப் பொறுத்தவரை விளைவு அத்தனை தெளிவாக இல்லை. இஞ்சி காயும்போதும் சூடாகும்போதும் அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருள் ஷோகால் என்ற வேறொன்றாக மாறுவதால், சுக்கின் காரமும் தன்மையும் பச்சை இஞ்சியினின்று வேறுபடுகின்றன. இருமலுக்குத் தேனைப் பரிந்துரைப்பதில் இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பும் 2018-இல் சேர்ந்துகொண்டது. ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் அந்த இளங்குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உருவாக்கக்கூடும்.

நீர் எதை ஏற்கும், எதை விட்டுவிடும் என்பதை அறிந்தால் வீண் உழைப்பைத் தவிர்க்கலாம். மஞ்சளை வெறும் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டினால் குர்குமினில் பெரும்பகுதி வடிகட்டியிலேயே தங்கிவிடும். புதினா, துளசி, சோம்பு போன்றவற்றின் மணமே ஆவியாகும் எண்ணெய்கள்தான். அவற்றை நெடுநேரம் கொதிக்கவிடாமல், வெந்நீர் ஊற்றி மூடி வைப்பதே முறை. வேர், பட்டை போன்ற கடினமான பாகங்களுக்குத்தான் நீண்ட கொதி தேவை.

இந்த வடிவத்தின் குறை, அளவு நிலையாக இல்லாதது. இலை எந்தப் பருவத்தில் பறிக்கப்பட்டது, எவ்வளவு நேரம் கொதித்தது, எவ்வளவு வற்றியது என்பவற்றால் ஒவ்வொரு கோப்பையும் வேறாகிறது. சில நாள்களுக்கு மட்டும் குடிக்கும்போது இது பெரிதல்ல. நாள்தோறும் என்றாகும்போது நிலைமை மாறுகிறது. அதிமதுரத்தைப் பாருங்கள். தொண்டைக்கு இதமானது, இனிப்பானது, குழந்தைகளும் மறுக்காமல் குடிப்பது. அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோல் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அதனால் உடல் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது, கால்கள் வீங்குகின்றன, பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு, இப்பொருளை நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து உட்கொள்ள வேண்டாம் என்று அறிவுறுத்தியிருக்கிறது. வீட்டில் கொதிக்கும் கஷாயத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நம்மிடம் வழியில்லை. ஆகவே அதிமதுரம் தொண்டைக் கமறலுக்கு இரண்டு மூன்று நாள்கள் பொருந்தும். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அந்த அளவும் வேண்டாம்.

சாறுகளைப் பற்றி எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. வேகவைத்து நீரை வடிக்கும்போது கீரையிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு கணிசமாகக் குறைகிறது. பச்சையாக அரைத்து, பெரிய அளவில், நாள்தோறும் குடிக்கும்போது அது முழுவதும் உள்ளே போய், சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து, சிலருக்குச் சிறுநீரகச் செயலிழப்பையே உண்டாக்கியிருக்கிறது. சுரைக்காய், வெள்ளரி போன்ற காய்களின் சாறு வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் அதைக் கீழே கொட்டிவிட வேண்டும். கசப்பைத் தருவது குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள். கசப்பாக இருந்தால்தான் மருந்து என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தவர்கள் இரத்த வாந்தியோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. கடித்து மெல்லும்போது வயிறு நிரம்பி நம்மை நிறுத்துகிறது; குடிக்கும்போது அந்தத் தடை இல்லை.

மாத்திரையும் சாரமும்

மாத்திரைக்கு எதிராக மட்டுமே எழுதுவது நேர்மையாகாது. சில பயன்கள் அந்த வடிவத்தில்தான் கிடைக்கின்றன. எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் குடல் தசைகளைத் தளர்த்தி வலியைத் தணிக்கிறது. ஆனால் இரைப்பையில் கரையாமல் குடலில் மட்டும் கரையும் பூச்சிட்ட கேப்சூலாக இருந்தால்தான் அது உரிய இடத்தை அடையும். தேநீராகக் குடித்தால் உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்தி, நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அதைக் கூட்டிவிடலாம். ஒரு மூலிகையிலிருந்து பிரித்த மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் இதைவிடப் பெரிய சான்று. பழைய சீன மருத்துவக் குறிப்பு ஒன்றில் அந்த மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்த சீன ஆராய்ச்சியாளர் டூ யூயூ, கொதிக்கவைத்தால் மருந்துப்பொருள் கெடுகிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தார். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த மூலிகையின் தேநீரை மலேரியாவுக்குப் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அதில் மருந்தின் அளவு போதாமலும் நிலையில்லாமலும் இருப்பதே காரணம்.

கடைகளில் நாமாக வாங்கும் பெரும்பாலான சாரங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. மஞ்சளையே கணக்கிட்டுப் பார்ப்போம். மஞ்சள் பொடியில் குர்குமின் எடையில் சுமார் 3 சதவீதம். ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் பொடியில், ஏறக்குறைய 90 மில்லிகிராம். 95 சதவீதச் செறிவுள்ள 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றில் 475 மில்லிகிராம்; ஐந்து தேக்கரண்டிக்குச் சமம். உணவில் சேர்க்கப்படும் குர்குமினுக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் இணைந்த வல்லுநர் குழு வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 180. இதற்கு மேல், உறிஞ்சலைக் கூட்டுவதற்காக மிளகின் பைப்பெரினையும் சேர்க்கிறார்கள். அது மஞ்சளோடு மட்டும் நில்லாமல் வேறு மருந்துகளின் உறிஞ்சலையும் கூட்டக்கூடியது. இத்தகைய கேப்சூல்களால் ஏற்பட்ட கல்லீரல் அழற்சிகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளன. சமையலில் சேரும் மஞ்சளைப் பற்றி அத்தகைய கவலை எழவில்லை.

பட்டைப் பொடியிலும் இதே நிலைதான். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் காசியா வகைப் பட்டையில் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் கணிசமாக உண்டு. 60 கிலோ எடையுள்ளவர் நாளொன்றுக்கு 2 கிராம் தொடர்ந்து உண்டாலே வரம்பை எட்டிவிடுவார். உணவில் மணத்துக்காக இடும் துண்டு பெரிதல்ல. சர்க்கரையைக் குறைக்கவென்று கேப்சூலாகத் தினமும் விழுங்குபவர், மெல்லிய சுருள்களாக இருக்கும் இலங்கை வகையையாவது தேர்ந்தெடுக்க வேண்டும்; அதில் கூமரின் மிகமிகக் குறைவு.

சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையில் உள்ள மொனகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தேதான். ஆங்கில மருந்து வேண்டாமென்று ஒதுங்கி இதை எடுப்பவர், அதே மருந்தை அளவு தெரியாமலும் கண்காணிப்பு இல்லாமலும் விழுங்குகிறார்.

மருந்தோடு மோதும் ஆபத்து, எனக்கு மிகவும் நெருக்கமாகத் தெரிந்த ஒன்று. என் உறவினரான பெரியவர் ஒருவர், இதயநோய்க்காக இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டே, மூட்டுவலிக்கு மஞ்சள் கேப்சூலும் பூண்டுக் கேப்சூலும் பல மாதங்கள் விழுங்கி வந்தார். வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறார். இவரும் ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்றே சொல்லியிருக்கிறார். காரணமில்லாமல் கைகளில் கன்றிய தழும்புகள் தோன்றிய பிறகு நாங்கள் விசாரித்தபோது, “அது மஞ்சள்தானே, மருந்தில்லையே” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உணவின் பெயரைத் தாங்கியிருப்பது உணவாகத்தான் இருக்கும் என்று நம்பினார். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, கருத்தடை மாத்திரையும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களின் மருந்தும் பலனளிக்காமல் செய்யக்கூடியது. பூண்டுச் சாரம் எச்ஐவி மருந்தான சாக்வினாவிரின் இரத்த அளவைச் சுமார் பாதியாகக் குறைத்ததும் ஆய்வில் பதிவாகியுள்ளது.

கலப்படம் தனியொரு கவலை. நிறத்துக்காக ஈயக் குரோமேட் சேர்த்த மஞ்சள் பொடி, வலிக்கென்று விற்கும் மூலிகைப் பொடியில் ஸ்டீராய்டு, எடை குறைப்பு மாத்திரையில் தடைசெய்யப்பட்ட சிபுட்ராமின் ஆகியவை சோதனைகளில் பிடிபட்டுள்ளன. இரண்டே நாளில் அதிசயமாக வலியைப் போக்கும் பொடியைக் கண்டு மகிழ்வதைவிட ஐயுறுவதே நல்லது.

ஒரே உபாதைக்கு மூன்றையும் வைத்துப் பார்த்தால்

மலச்சிக்கல் இதற்கு ஏற்ற உதாரணம். 2011-இல் வெளியான ஆய்வொன்றில், உலர்ந்த பிளம்ஸ் பழத்தை நாளொன்றுக்கு 100 கிராம் உண்பதையும், இசப்கோல் தூளை 22 கிராம் எடுப்பதையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் கிடைத்த நார் 6 கிராம்தான். பழமே கூடுதலாகப் பலனளித்தது. நாரோடு அதிலிருக்கும் சார்பிடால் என்ற இனிப்புப் பொருள் குடலுக்குள் நீரை இழுப்பது அதற்கு ஒரு காரணம். பழத்தின் இனிப்பு ஒத்துக்கொள்ளாதவருக்கு இசப்கோல் நல்ல மாற்று. கொலஸ்ட்ராலையும் ஓரளவு குறைக்கும். ஆனால் ஒரு பெரிய குவளை நீரோடு குடிக்காவிட்டால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். வேறு மருந்துகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நிலாவரை இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது குடல் தசைகளைத் தூண்டி ஒரே இரவில் வேலை செய்யும். அந்த விரைவே மக்களை அதனிடம் திரும்பத் திரும்ப அழைத்துச் செல்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால், மருந்தை மாற்றுவதற்குப் பதிலாகக் காரணத்தைத் தேட வேண்டும். ஆகவே என் வரிசை பழம், பிறகு இசப்கோல், அரிதாக நிலாவரை என்று அமைகிறது. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக் குறைவு, முதிய வயதில் புதிதாகத் தொடங்கிய மாற்றம் ஆகியவை இருந்தால் இந்த வரிசை முழுவதையும் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கல்லீரலோ சிறுநீரகமோ பழுதானவர்கள், இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் மூன்றாவது வடிவத்தைத் தாமாகத் தேர்ந்தெடுக்கவே கூடாது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள், ஏற்கெனவே எடுத்துவரும் சாரங்களை இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிடலாமா என்று மயக்க மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். அப்படிக் கேட்கப் போகும்போது நினைவிலிருந்து பெயரைச் சொல்வதைவிட, புட்டியையே கையில் எடுத்துச் செல்லுங்கள். தாவரத்தின் எந்தப் பாகம், எத்தனை மில்லிகிராம், உடன் சேர்த்த பொருள் என்ன என்பதெல்லாம் அதன் உறையில்தான் இருக்கும். உறையில் அவை எழுதப்படவில்லை என்றால் அந்தப் புட்டியிலிருந்து மேலும் ஒன்றை விழுங்க வேண்டாம்.